வெள்ளைப்படுதல் என்னும் ஒரு சொல்: வளரிளம் பெண்களின் பிறப்புறுப்பு நலமும் மருத்துவரை நாட வேண்டிய தருணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

பூப்புப் பருவத்தில் இயல்பாகச் சுரக்கும் கசிவுக்கும் தொற்றினால் உண்டாகும் கசிவுக்கும் தமிழ்ப் பேச்சு வழக்கில் 'வெள்ளைப்படுதல்' என்னும் ஒரே சொல் ஆளப்படுகிறது. இதனால் நலமாக உள்ள பெண் தன்னை நோயாளியாகக் கருதுவதற்கும், நோயுற்ற பெண் 'எல்லோருக்கும் உள்ளதுதான்' என்று கவனிக்கப்படாமல் விடப்படுவதற்கும் இடம் ஏற்படுகிறது. வளரிளம் பெண்களின் பிறப்புறுப்பு நலம் குறித்த மருத்துவச் செய்திகளை அவற்றுக்கு வழங்கும் தமிழ்ச் சொற்களோடு இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது. மருத்துவரை நாட வேண்டிய தருணங்களையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வளரிளம் பருவம், பூப்பு, வெள்ளைப்படுதல், மாதவிடாய், கலைச்சொல், மருத்துவ உரையாடல்

முன்னுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. தமிழ் இலக்கண மரபு இதே காலத்தை ஒரே பருவமாகக் கொள்ளவில்லை. பாட்டியல் நூல்களும் உலா இலக்கியங்களும் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்தன. அவற்றுள் பெதும்பையின் பிற்பகுதி, மங்கை, மடந்தை ஆகியவை இன்றைய வளரிளம் பருவத்துக்குள் அடங்கும். பத்து வயதுச் சிறுமியின் உடலும் பதினெட்டு வயதுப் பெண்ணின் உடலும் ஒன்றல்ல என்பதை அப்பகுப்பு ஒருவாறு உணர்ந்திருந்தது எனலாம். உலாவின் நோக்கம் மருத்துவம் அன்று என்பது வேறு செய்தி. எனினும் இப்பருவப் பெண்ணிடம் ஓர் அறிகுறியைக் காணும் மருத்துவர் முதலில் அறிய விரும்புவதும், அவள் பூப்புக்கு முந்தைய நிலையில் உள்ளாளா, பூப்பை ஒட்டிய நிலையிலா, அதனைக் கடந்த நிலையிலா என்பதையே. ஒரே அறிகுறிக்கு இம்மூன்று நிலைகளிலும் மூன்று வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

அறிகுறியைச் சொல்லத் தேவையான சொல் அப்பெண்ணிடம் இருக்கிறதா என்பதே இங்கு எழும் முதல் வினா.

உறுப்பின் பெயர்

தொல்காப்பியக் கற்பியல் பூப்பு என்னும் சொல்லை எவ்விதத் தயக்கமும் இன்றி ஆள்கிறது. பூப்பைத் தொடர்ந்த பன்னிரு நாட்களில் தலைவன் தலைவியை நீங்கியிருத்தல் கூடாது என அது விதிக்கிறது. பிற்கால வழக்கிலோ தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு என விலக்கிவைப்பதைக் குறிக்கும் சொற்களே பெருகின. உடலில் நிகழ்வதைச் சொல்லாமல், அதனை முன்னிட்டுக் குடும்பம் செய்வதைச் சொல்லும் பெயர்கள் இவை.

உறுப்பின் பெயரிலும் இதை ஒத்த சிக்கல் உண்டு. பாடநூல்களிலும் அகராதிகளிலும் காணப்படும் 'கலவிக் கால்வாய்', 'புணர்புழை' ஆகிய இரண்டும் அவ்வுறுப்பை உடலுறவின் வழியாக மட்டுமே பெயரிடுகின்றன. மாதவிடாய்க் குருதி வெளியேறும் வழியும், மகப்பேற்றின் வழியும், தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் தசைக்குழாயும் அதுவே. பெயரில் இவற்றுள் ஒன்றுமில்லை. மேலைமொழிகள் வழங்கும் 'வஜைனா' என்பதும் வாளுறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே ஆதலின், இப்பார்வை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் இலத்தீன் சொல்லின் பொருள் அதனைப் பயன்படுத்துவோருக்கு இன்று தெரிவதில்லை. தமிழ்ச் சொல்லின் பொருளோ வகுப்பறையில் இருக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் உடனே விளங்குகிறது. பதின்மூன்று வயதுச் சிறுமி தன் தாயிடம், 'எனக்குக் கலவிக் கால்வாயில் அரிப்பு' என்று கூற மாட்டாள். 'கீழே', 'அங்கே', 'அடிவயிற்றில்' என்றே கூறுவாள். அதனால் சிறுநீர்த் துளையில் எரிச்சலா, வெளித்தோலில் புண்ணா, உள்ளிருந்து கசிவா என்பது தெளிவாவதில்லை. இம்மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. 'பிறப்புறுப்பு' என்னும் பொதுச்சொல்லும், தேவைப்படும் இடத்தில் 'யோனி' என்பதும் ஓரளவு நடுநிலையானவை என்பதால் இக்கட்டுரையில் அவையே ஆளப்படுகின்றன.

இயல்பான சுரப்பு

பிறந்த சில நாட்களில் பெண் குழந்தைகளுக்குச் சிறிது வெண்ணிறக் கசிவு தோன்றுவதுண்டு. கருவறையில் தாயிடமிருந்து பெற்ற ஈஸ்ட்ரோஜனின் விளைவு அது, தானே நின்றுவிடும். அதன்பின் பூப்பை நெருங்கும் வரை யோனியின் உட்படலம் மெல்லியதாகவும் பெரும்பாலும் நடுநிலைத் தன்மை உடையதாகவும் இருக்கிறது. பருவமாற்றம் தொடங்கியதும் ஈஸ்ட்ரோஜன் மீண்டும் சுரக்க, உட்படலம் தடித்துக் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது. லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிர்கள் அங்கே பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. இந்நுண்ணுயிர்களை 1892இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன். பூப்பெய்திய பெண்ணின் யோனியில் பி.எச். அளவு ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை இருக்கும். தயிரின் புளிப்புக்கு நெருங்கிய இவ்வமிலத்தன்மையே தொற்றுக்கு எதிரான முதல் அரண்.

முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே இக்கசிவு தொடங்கிவிடுகிறது. நிறமற்றோ வெண்மையாகவோ இருக்கும்; பெரிதாக நாற்றம் இராது; அரிப்போ எரிச்சலோ தராது. உள்ளாடையில் உலர்ந்தபின் இளமஞ்சளாகத் தோன்றலாம். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுப்பகுதியில் முட்டையின் வெண்கரு போல நீளும் தன்மை பெறும். கருநிற உள்ளாடையின் நடுவில் சாயம் வெளுத்திருப்பதைக் கண்டு அஞ்சும் பெண்கள் உண்டு. அமிலத்தன்மையால் துணிச்சாயம் மங்குவது இயல்பே.

இவ்வியல்பான சுரப்பும் வெள்ளைப்படுதலே, நோயும் வெள்ளைப்படுதலே. சிக்கல் தொடங்குவது இங்கேதான். சித்த மருத்துவ மரபில் வெள்ளை, வெட்டை என்பன நோய்ப் பெயர்களாக வழங்கியுள்ளன. பொதுமக்கள் வழக்கில் வெள்ளைப்படுதல் உடற்சூட்டின் அடையாளம், சத்து கரைந்து வெளியேறுதல், எலும்பு உருகுதல். எலும்பும் உருகுவதில்லை, சத்தும் கரைவதில்லை. ஆனால் பதினான்கு வயதில் சோர்வும் தலைசுற்றலும் உள்ள ஒரு பெண்ணிடம் அவற்றுக்கு வெள்ளைப்படுதலே காரணம் என்று கூறிவிட்டால், உண்மையான காரணமாக இருக்கக்கூடிய குருதிச்சோகை கவனிக்கப்படாமலே போய்விடும். வெந்தயமும் மோரும் இளநீரும் கொடுப்பதால் தீங்கில்லை. அவற்றைக் கொடுத்துவிட்டுக் குருதிச் சோதனையைத் தள்ளிப்போடுவதே தீங்கு.

கோவாவில் வயதுவந்த பெண்களிடையே விக்ரம் பட்டேல் முதலானோர் நிகழ்த்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் கருதத்தக்கது. வெள்ளைப்படுகிறது என முறையிட்ட பெண்களில் அம்முறையீட்டோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தவை தொற்றுகள் அல்ல. மனஅழுத்தம் உள்ளிட்ட உளச்சமூகக் காரணிகளே. அச்சொல் உடலின் நிலையை மட்டுமன்றி, வேறு வகையில் சொல்ல இயலாத துயரையும் சுமக்கிறது என்பது இதனால் விளங்கும். அரசின் பால்வினைத்தொற்று மருத்துவமுறையில், கசிவு என்னும் அறிகுறியை அடிப்படையாகக் கொண்டு வழங்குவதற்கெனப் பச்சை நிற மருந்துப் பொட்டலம் ஒன்று உண்டு. ஆய்வக வசதியற்ற இடங்களில் அம்முறைக்குப் பயன் இருப்பினும், இயல்பான சுரப்பை நோயாகச் சொல்லும் பெண்ணுக்கும் அதே பொட்டலம் சென்றுசேரும் வாய்ப்பு அதில் இருக்கவே செய்கிறது.

நோயைக் காட்டும் கசிவு

தயிர்த்திரள் போன்ற தடித்த வெண்கசிவும் கடும் அரிப்பும் சேர்ந்து வருவது கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றின் தன்மை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொண்ட பின்னும், நீரிழிவு உள்ளவர்களிடமும் இது எளிதில் தோன்றும். மீண்டும் மீண்டும் வருமாயின் குருதிச் சர்க்கரையைச் சோதித்தல் தேவை. பூப்புக்கு முந்தைய சிறுமியிடம் இத்தொற்று அரிது. அவ்வயதில் அரிப்பு, அதிலும் இரவில் மிகும் அரிப்பு இருந்தால் கீரிப்பூச்சியை முதலில் ஐயுறுதல் தகும்.

சாம்பல் நிறமான நீர்த்த கசிவும் மீன் நாற்றமும் பாக்டீரிய வஜைனோசிஸ் என்னும் நிலையைக் குறிக்கும். இதில் பி.எச். 4.5க்கு மேல் உயரும். லாக்டோபேசில்லஸ் குறைந்து பிற நுண்ணுயிர்கள் பெருகுவதே இதன் அடிப்படை. உடலுறவுத் தொடர்பு இல்லாத பெண்ணிடமும் இது காணப்படலாம் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று. நுரையுடன் கூடிய பச்சை கலந்த மஞ்சள் கசிவு டிரைகோமோனாஸ் தொற்றைக் காட்டக்கூடும். அது பெரும்பாலும் உடலுறவால் பரவுவது. குருதி கலந்து, கடும் துர்நாற்றத்துடன் வரும் கசிவு உள்ளே பஞ்சோ தாளோ வேறு பொருளோ தங்கியிருப்பதால் உண்டாகலாம். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் கசிவோடு சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். கருப்பைக் குழாய்களுக்குத் தொற்று பரவியிருக்கும் வாய்ப்பு அதில் உண்டு.

பிறப்புறுப்பின் வெளித்தோலில் திடீரென வலிமிக்க புண் தோன்றும்போது அதனைக் காணும் எவர்க்கும் எழும் முதல் எண்ணம் பால்வினைநோய். ஆனால் வைரஸ் காய்ச்சலை ஒட்டி, உடலுறவுத் தொடர்பே இல்லாத சிறுமியரிடமும் இத்தகைய புண்கள் தோன்றுவதுண்டு. ஆஸ்திரிய மருத்துவர் லிப்சூட்ஸின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. சில வாரங்களில் ஆறிவிடும். இதனை அறியாத வீட்டில் அச்சிறுமி எதிர்கொள்ளும் விசாரணை புண்ணைவிடக் கொடியதாகிவிடும். காரணத்தை அறியும் வரை ஐயத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். அதற்காகவேனும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மருந்துக் கடையில் 'அரிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். அவ்வாறு தரப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லியோடு வலிமையான ஸ்டீராய்டும் சேர்ந்துள்ளது. இரண்டே நாட்களில் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரித்தழும்பு ஏற்படும். தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பிலும் உள்ள தோல் மென்மையானது ஆதலால் இத்தீங்கு அங்கே விரைந்து நிகழ்கிறது. நறுமணச் சோப்பு, கிருமிநாசினி கலந்த நீர், உள்ளே நீரைச் செலுத்திக் கழுவுதல் ஆகியவையும் அமில அரணைக் குலைப்பவையே. வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவுவதே போதும். உள்ளிதழ்கள் ஒன்றைவிட ஒன்று நீண்டிருத்தல், நிறம் கருத்திருத்தல் முதலியன நோயல்ல.

குருதிப்போக்கும் வலியும்

பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கற்று இருத்தல் பொதுவானது. 21 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவதும், குருதிப்போக்கு ஏழு நாட்களுக்குள் முடிவதும் இவ்வயதில் இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. நாடித்துடிப்பையும் குருதியழுத்தத்தையும் போல மாதவிடாய்ச் சுழற்சியையும் வளரிளம் பெண்ணின் உடல்நலக் குறியீடாகக் கொள்ள வேண்டும் என அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015இல் அறிவுறுத்தியது.

மிகுகுருதிப்போக்கைத் தமிழ் 'பெரும்பாடு' என்று அழைத்தது. அச்சொல்லில் துன்பத்தின் அளவு பதிவாகியிருக்கிறது. எனினும் இளம்பெண்களின் பெரும்பாடு, 'வயதுக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருக்கும்' என்னும் ஒற்றைத் தொடரால் பல வீடுகளில் கடந்துசெல்லப்படுகிறது. அத்தொடருக்குக் கொடுக்கப்படும் விலையை மருத்துவ வரலாறு பதிவுசெய்துள்ளது. பின்லாந்தைச் சேர்ந்த எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் ஒரு பரம்பரைக் குருதியுறைவுக் குறைபாட்டை விவரித்தார். ஓலாந்து தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறுமியும் அவளது குடும்பத்தாருமே அந்த ஆய்வின் அடிப்படை. அச்சிறுமி பின்னர்த் தனது 13ஆம் வயதில், நான்காவது மாதவிடாயின்போது குருதியிழப்பால் இறந்தாள். குருதியுறைவுக் குறைபாடுள்ள பெண்ணுக்கு அதனை முதன்முதலில் உணர்த்துவது மாதவிடாயாகவே இருக்கக்கூடும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் முழுதும் நனைதல், ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தல், பெரிய கட்டிகளாக வெளியேறுதல், மயக்கம், மூச்சிரைப்பு ஆகியவை இருந்தால் காத்திருத்தல் தகாது. அடிக்கடி மூக்கிலிருந்து குருதி வடிதல், பல் பிடுங்கியபின் குருதி நில்லாமை போன்ற முன்செய்திகளையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

சூதகவலியைப் பொறுத்தவரை, பெரும்பான்மையான பெண்களுக்குக் கருப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்களே காரணம். மருத்துவர் பரிந்துரைக்கும் வலிநீக்கியை வலி தொடங்கியவுடனே உட்கொண்டால் பெரும்பாலும் தணியும். அவ்வாறு தணியாமல் மாதந்தோறும் பள்ளிக்குச் செல்ல இயலாதபடி வருத்தும் வலியைப் 'பெண்ணாகப் பிறந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியது' என விட்டுவிடலாகாது. வலிநீக்கிக்கும் ஹார்மோன் மருத்துவத்துக்கும் கட்டுப்படாத வலியுடைய வளரிளம் பெண்களை லேப்ராஸ்கோப்பி வழியாக ஆராயும்போது, குறைந்தது மூன்றில் இரு பங்கினரிடம் எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்படுவதாக மேற்குறித்த அமெரிக்க அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நிலை அது. திடீரென ஒருபுறம் எழும் கடும் வலியும் வாந்தியும் சூலகம் முறுக்கிக்கொண்டதால் இருக்கலாம். அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரநிலை.

வராத பூப்பு

15 வயது நிறைந்தும் மாதவிடாய் தொடங்காமை, மார்பக வளர்ச்சி தொடங்கி மூன்றாண்டு கழிந்தும் தொடங்காமை, 13 வயதிலும் மார்பக வளர்ச்சியே இன்மை ஆகிய மூன்றும் மருத்துவ ஆய்வுக்கு உரியவை. மாதந்தோறும் அடிவயிற்று வலி மட்டும் வந்து குருதி வெளியேறாதிருந்தால் வழி அடைபட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். துளையற்ற கன்னிச்சவ்வு இதற்கு ஒரு காரணம். குருதி உள்ளே தேங்கி, வயிறு பெருத்து, சிறுநீரும் அடைபடக்கூடும். சிறிய அறுவையால் முழுதும் தீர்வது இது. ஆனால் 'கன்னிச்சவ்வு' என்னும் பெயர் அவ்வறுவைக்குக் குடும்பத்தார் தயங்க இடந்தருகிறது. அச்சவ்வின் வடிவம் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். அதனைக் கொண்டு ஒருத்தியின் உடலுறவு வரலாற்றைச் சொல்ல இயலாது. கருப்பையும் யோனியின் மேற்பகுதியும் பிறவியிலேயே உருவாகாத நிலை ஏறத்தாழ 5000 பெண்களில் ஒருவரிடம் காணப்படுகிறது. திருமணத்துக்குப் பின் அதனை அறிவதும் 16 வயதில் அறிவதும் அப்பெண்ணின் வாழ்க்கையில் ஒன்றல்ல.

மருத்துவரின் அறை

மருத்துவரை நாடத் தயங்கும் குடும்பங்களில், 'சோதனை' என்னும் சொல்லைச் சுற்றியே அச்சம் சூழ்ந்திருக்கிறது. உண்மையில் வளரிளம் பெண்களின் சிக்கல்கள் பலவற்றை அவர்கள் கூறுவதைக் கேட்டும், வெளிப்புறத்தைப் பார்த்தும், வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேன் வழியாகவும் அறிய முடியும். கசிவின் மாதிரியை மெல்லிய பஞ்சுக்குச்சியால் எடுக்கலாம். உள்ளே கருவி நுழைத்துப் பார்க்கும் தேவை அரிது. எச்சோதனைக்கும் பெண்ணின் இசைவு முதன்மையானது. பாலியல் வன்முறை வழக்குகளில் கையாளப்பட்ட இருவிரல் சோதனை அந்தரங்க உரிமையை மீறுவது என உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. 2022இல் அதனைச் செய்வோர் ஒழுங்குநடவடிக்கைக்கு உரியவர் எனவும் தீர்ப்பளித்தது. அறிவியல் அடிப்படை அற்ற அச்சோதனையின் நிழலே தாய்மார்களின் அச்சத்தில் இன்னும் படிந்துள்ளது.

மற்றோர் இடர்ப்பாடு சட்டம் சார்ந்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். வன்முறைக்கு ஆளான சிறுமிக்கு இவ்விதி அரண். 17 வயதில் விரும்பிய உறவால் தொற்று பெற்ற பெண்ணுக்கோ, அதே விதி மருத்துவமனை வாசலில் தடையாக நிற்கிறது. அவள் மருந்துக் கடைக்கும் போலி மருத்துவருக்கும் செல்கிறாள். கருக்கலைப்பு தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு, சிறுமியும் பாதுகாவலரும் வேண்டினால் மருத்துவர் தமது அறிக்கையில் அவளது அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை எனக் கூறி இம்முரணைச் சற்றே தளர்த்தியது. தொற்று மருத்துவத்துக்கு அத்தெளிவு நீட்டிக்கப்படுதல் நன்று.

2011இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் புதுயுகம் திட்டம் வளரிளம் பெண்களுக்கு நாப்கின்களைக் கொண்டுசேர்த்தது. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் அப்பருவத்தினருக்கெனத் தனி ஆலோசனை மையங்களை வகுத்தது. நாப்கின் கைக்கு வந்த அளவுக்குச் சொல் வாய்க்கு வரவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர், 'வெள்ளைப்படுகிறதா?' என்று கேட்டால் இயல்பான பெண்ணும் 'ஆம்' என்பாள். நாணமுள்ள பெண் 'இல்லை' என்பாள். அதற்கு மாறாக நிறம் மாறியிருக்கிறதா, நாற்றம் உண்டா, அரிப்போ எரிச்சலோ இருக்கிறதா, சிறுநீர் கழிக்கையில் கடுக்கிறதா, எத்தனை நாளாக என ஐந்து வினாக்களாகப் பிரித்து, தாய் உடனில்லாத சில நிமிடங்களிலும் ஒருமுறை கேட்டால், அவள் விடைசொல்லத் தேவையான சொற்கள் அவ்வினாக்களிலேயே அவளுக்குக் கிடைத்துவிடுகின்றன.